கிருமி வரும் முன்பே

மருத்துவம் படிக்கும் மாணவர்களும், ஆசிரியர்களும், ஊர்ப் பெரியவர்களும் கலந்து அமர்ந்திருக்கும் சிதம்பரத்து அவை இது. மூச்சு வழியே பரவும் நோய்கள் ஊருக்குள் யாரைப் பிடிக்கின்றன, ஏன் அவரைப் பிடிக்கின்றன என்பதே இன்றைய பேச்சு. சாதாரணச் சளி இருமலில் தொடங்கி ஃப்ளூ, நிமோனியா, தட்டம்மை, காசநோய் வரை இதில் அடங்கும். உலகத்தில் எங்கெங்கோ நடந்ததைச் சொல்வதைவிடக் கடலூர் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகத் தெளிவான பாடம் ஒன்று இங்கேதான் கிடைத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் ஊருக்குள் வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே இங்கிருக்கும் பலருக்கு முகங்கள் நினைவுக்கு வரும். உயிர் தப்பியவர்கள் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். அப்படிக் கூட்டமாகத் தங்கும் முகாம்களில் தட்டம்மை பரவிக் குழந்தைகளை வாரிக்கொண்டு போவது பல நாடுகளில் கண்ட அனுபவம். அதனால் டிசம்பர் 29 அன்றே, பாதிக்கப்பட்ட கிராமங்களில் 6 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் வேலை நடந்தது. மறுநாள், 30-ஆம் தேதி, மாவட்டத்தில் தட்டம்மை கண்ட குழந்தைகள் சேர்ந்தாற்போல் இருப்பதாகத் தகவல் வந்தது.

சுனாமியால் வந்த கொள்ளைநோய் என்று சொல்லிவிட்டுப் போவது அந்த நேரத்தில் மிகச் சுலபம். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லாமல் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 101 பேர். அவர்களில் 71 பேர் சுனாமி தாக்கிய ஊர்களைச் சேர்ந்தவர்கள், 30 பேர் கடல் தொடாத ஊர்களைச் சேர்ந்தவர்கள். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் தாக்கிய ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3 பேர், தாக்காத ஊர்களில் ஆயிரத்துக்கு 1.7 பேர். அலையே வராத ஊரில் நோய் குறைந்திருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருந்தது. தாக்கிய ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 விழுக்காட்டினருக்குச் சுனாமி நடந்த 14 நாட்களுக்குள்ளேயே நோய் வெளிப்பட்டுவிட்டது. தட்டம்மைக் கிருமி உடம்புக்குள் போனபின் காய்ச்சல் காண ஏறத்தாழ 10 நாள் ஆகும், மேனியில் தடிப்பு தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். அப்படியானால் அந்தக் குழந்தைகளில் பலர் முகாமுக்கு வரும்போதே கிருமியோடு வந்தவர்கள். கிருமியின் மரபு வகையைப் பார்த்தபோது அதுவும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த டி8 வகையாகவே இருந்தது. சுனாமிக்கும் அந்தத் தட்டம்மைக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

பிறகு எங்கிருந்து வந்தது? அப்போது தமிழ்நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடப்பட்டிருந்தது. நாடே பாராட்டிய சாதனை அது. ஆனால் அது ஒரே ஒரு தவணை. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒரு தவணை ஊசி நூற்றுக்கு 85 குழந்தைகளிடம் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 குழந்தைகளில் 95 பேருக்கு ஊசி போட்டால் காப்புப் பெற்றவர்கள் 81 பேர், மீதி 19 பேர். ஒவ்வொரு ஆண்டும் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி மிஞ்சிக்கொண்டே வந்தால், ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆண்டில் பிறக்கும் குழந்தைகள் அத்தனை பேரும் காப்பில்லாமல் நிற்பதற்குச் சமம். தட்டம்மையைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேராவது எதிர்ப்பாற்றலோடு இருக்க வேண்டும். ஊசி போட்ட எண்ணிக்கை 95 என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறது, காப்புப் பெற்ற எண்ணிக்கை 81. இடையில் இருந்த அந்தப் பிள்ளைகள் கடற்கரை ஊர்களிலும் இருந்தார்கள், கடல் தொடாத ஊர்களிலும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாக்கிய ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 விழுக்காட்டினர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். அவசர ஊசி முகாமோ ஐந்து வயதோடு நின்றுவிட்டது. பேரிடர் நேரத்தில் 6 மாதம் முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் போட வேண்டும், இரண்டாவது வாய்ப்பு ஒன்று தேவை என்று அந்த ஆய்வு எழுதியது. இந்தியாவின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மையின் இரண்டாம் தவணை சேர்ந்தது 2010-ல்தான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளி பள்ளியாகப் போடப்பட்டது. அப்போது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, ஊசி போடும் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட பெற்றோர் உண்டு. அவர்கள் மேல் கோபப்படுவதைவிட, கடலூரின் இந்த 101 பேரைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

நம் வீடுகளில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது இன்றும் பல இடங்களில் வழக்கம். வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை. பிள்ளையைத் தனியே படுக்க வைத்து, விருந்தாளிகளை வராமல் தடுக்கும் நல்ல பழக்கமும் அதே வழக்கத்தில் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாத அம்மை கணக்கில் வராது, கணக்கில் வராத அம்மை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

கிருமி எந்த நாளில் வந்தது என்று தேடுவதில் நாம் நிறைய நேரம் செலவிடுகிறோம். அது வந்தால் யாரைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. தூங்கும் இடம், செய்யும் வேலை, சாப்பிடும் சாப்பாடு, போட்ட ஊசி, போடாத ஊசி ஆகியவை அதை முடிவு செய்கின்றன. தட்டம்மையில் பார்த்ததை 2020-ல் மறுபடி பார்த்தோம்.

அந்த ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் புதிதாகக் கொரோனா உறுதியானவர்கள் 527 பேர். சென்னைக்கு அடுத்தபடி நம் மாவட்டம், ஒரே நாளில் 122 பேர். முதல் நாள்வரை கடலூர் பெரிதாகப் பேசப்படாத மாவட்டம். நோய் உறுதியானவர்கள் பெரும்பாலும் சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். சுமை தூக்குகிறவர்கள், காய் தரம் பிரிக்கிறவர்கள், கடைப் பையன்கள். 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது, பிறகு திருமழிசைக்கு மாறியது. அவர்களை ஊர் பார்த்த பார்வை எப்படி இருந்தது என்று இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். நோயைச் சுமந்துகொண்டு வந்தவர்கள் என்றே பேசினார்கள்.

அந்த மனிதர்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் லாரி வரும். மூட்டையை முதுகில் ஏற்றும் ஆள் மூச்சிரைக்க, வாய் திறந்தபடி ஓடுவார். உழைக்கும் உடம்பு ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கும், பல மடங்கு வெளியேவிடும். ஏலம் கூவுகிறவர் கத்திப் பேசுவார். கத்திப் பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகள் மெல்லப் பேசும்போது தெறிப்பதைவிட மிக அதிகம். விடிந்தபின் ஒரே அறையில் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்குவார்கள். வாடகையைப் பங்கு போட்டால்தான் வீட்டுக்கு அனுப்பக் காசு மிஞ்சும். ஊரடங்கு வந்தபோது காய்கறி இல்லாமல் நகரம் இருக்க முடியாது என்பதால் சந்தை மட்டும் திறந்திருந்தது. அலுவலகத்தில் இருந்த நாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நம் வீட்டுச் சாம்பாருக்கு முருங்கைக்காய் வர வேண்டும் என்பதற்காக அவர்கள் வெளியே நின்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவரைப் பார்த்து ஏன் உனக்கு நோய் வந்தது என்று கேட்பது நியாயமில்லை. அவரது வேலையே அவருக்கு ஆபத்துக் காரணி. அதை அவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு கேள்வி இங்கே எழும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நான்கு வீதிகளிலும் வெறும் தலைகளாகத் தெரியும் கூட்டம் கூடுகிறதே, அதுதானே பெரிய ஆபத்து என்பார்கள். கூட்டம் என்பதை நான் எண்ணிக்கையால் மட்டும் அளக்கமாட்டேன். திறந்த வீதியில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது, தேர் நகர்கிறது, மனிதர்களும் நகர்கிறார்கள். அதே அன்பர்கள் ஏ.சி. போட்டுக் கதவு சாத்திய வேனில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வருவதும், விடுதி அறையில் பத்துப் பேர் படுப்பதும்தான் என்னைக் கவலைப்படுத்தும். நேரம், நெருக்கம், அடைபட்ட காற்று மூன்றும் சேருமிடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது நாம் பயப்படாத இடமாக இருக்கும்.

அந்த இடங்களில் முதலாவது நம் வீடு. இந்த மாவட்டத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் சொல்வார்கள். நனைவதைவிட, மழை நம்மை எங்கே அடைத்து வைக்கிறது என்பதைப் பாருங்கள். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள தொகுப்பு வீடு. வெளியே சாரல், அதனால் இருக்கும் ஒரு ஜன்னலையும் சாத்தியாகிவிட்டது. வடிகாலில் தண்ணீர் தேங்கியிருப்பதால் கொசு, அதற்கு ஒரு சுருளைக் கொளுத்தி வைத்தாயிற்று. ஈரத் துணி கொடியில் உள்ளேயே தொங்குகிறது. அப்பா, அம்மா, தாத்தா, மூன்று பிள்ளைகள். மூத்த பையன் பள்ளியிலிருந்து இருமலோடு வந்திருக்கிறான். விடிவதற்குள் ஆறு பேரும் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசித்திருப்பார்கள். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது அது வெளியிடும் நுண்துகள், வகைக்குத் தக்கபடி 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தத் துகள் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை மந்தமாக்கும். கிருமியை வெளியே தள்ளும் வேலை அந்த நுண்மயிர்களுடையது.

ஃப்ளூவின் காலமும் இதனோடு பொருந்தி வருகிறது. இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு உச்சத்துக்குப் போகிறது. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இதுதான் பொருந்தும். ஆகவே முதியவர்களும் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதாக இருந்தால் ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். மழை பிடித்தபின் போடும் ஊசி தாமதமான ஊசி.

குழந்தைகளின் நிமோனியாவுக்கு வருகிறேன். குறைந்த எடையோடு பிறத்தல், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கிடைக்காமை, ஊட்டக்குறைவு, நெரிசலான வீடு, அடுப்புப் புகை, தவறிய தடுப்பூசி ஆகியவற்றை அதன் ஆபத்துக் காரணிகளாக உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகள் பல சொல்கின்றன. டெல்லியில் நடந்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. கடுமையான நிமோனியாவோடு வந்த குழந்தைகளின் வீட்டில் அம்மாவுக்கோ அண்ணன் அக்காவுக்கோ சளி இருந்தது மிக வலுவான அடையாளமாக நின்றது. கைக்குழந்தைக்குக் கிருமி பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை, மடியிலிருந்து வருகிறது. உங்களுக்குச் சளி என்றால் முகத்தில் முந்தானையைக் கட்டிக்கொண்டு பால் கொடுங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவிய பிறகே தொட்டிலுக்குப் போக வேண்டும்.

அடுப்புப் புகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம்மைச் சுற்றியே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகில் சமைக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகையின் காரம் தெரியும். அந்தப் பரிசோதனையில் குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் இலவச எரிவாயுவும் கொடுத்து, பிறந்த குழந்தைகளை ஓராண்டு வரை கவனித்தார்கள். இந்தியாவின் 800 பேரும் தமிழ்நாட்டினர், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். நமக்கு வடக்கே ஒன்று, அன்று கொள்ளிடம் தாண்டினால் மற்றொன்று. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் இந்தியப் பகுதியை முன்னின்று நடத்தினார். எரிவாயு வீடுகளில் குழந்தை சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம், விறகு வீடுகளில் 66. புகை இவ்வளவு குறைந்தும், கடுமையான நிமோனியாவில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2024-ல் இந்த முடிவு வெளியானபோது இந்தத் துறையில் இருந்த பலருக்கும் ஏமாற்றம்.

எனக்கு அந்த முடிவு முக்கியமானதாகப் படுகிறது. புகை தீங்கற்றது என்று அது சொல்லவில்லை. முப்பது ஆண்டு விறகடுப்பு ஊதிய பெண்களின் நுரையீரலைப் பரிசோதித்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எரிவாயு உருளை அந்தத் தாய்க்காகவே வர வேண்டும். ஆனால் பல காரணிகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் பிடுங்கினால் நோய் நின்றுவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நிமோனியாவை நேரடியாகத் தடுப்பவை ஊசிகள். ஹிப் கிருமிக்கு எதிரான காப்பு அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியைக் கேரளத்தோடு சேர்ந்து முதலில் தொடங்கியது தமிழ்நாடு, 2011 டிசம்பரில். நிமோகாக்கல் ஊசி 2021-ல் அரசுத் திட்டத்தில் வந்தது. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் போட்ட ஊசி இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இதைத் தெரியாமல் தவறவிடும் குடும்பம் ஒன்றுகூட இந்த மாவட்டத்தில் இருக்கக்கூடாது.

காசநோய்க்கு வந்தால் இதே பாடம் இன்னும் அழுத்தமாக நிற்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது, நோயாளியைச் சானடோரியத்தில் வைப்பதா, வீட்டிலேயே மருந்து கொடுப்பதா என்பது உலகத்தின் கேள்வி. வீட்டில் வைத்தால் குடும்பத்துக்கே பரவும் என்று பயந்தார்கள். வறிய சென்னைக் குடும்பங்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபின், வீட்டில் சிகிச்சை பெற்றவரின் உறவினருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. சிகிச்சை தொடங்கும் முன், நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே பரவ வேண்டியது பரவியிருந்தது. உலகம் சானடோரியங்களைக் கைவிட இந்தச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது சாப்பாடு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்திய அந்த ஆய்வு 2023-ல் வெளியானது. வீட்டில் மற்றவருக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் தமிழ்நாட்டில், காசநோயாளி வீட்டுக்குக் கூடுதல் பருப்பும் முட்டையும் கொடுப்பது நம்மால் முடியாத காரியமா?

எதிர்ப்புறத்தில் சர்க்கரை நோய் இருக்கிறது. அது காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது, நிமோனியா வந்தால் கடுமையாக்குகிறது. 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி பக்கத்துப் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை அடியோடு வேறாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பீடியும் சாராயமும் இதே வரிசையில் வருபவை, அவற்றைப் பற்றி நீங்கள் அறியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை.

இந்த அவையில் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடிப் போகும் தன்னார்வலர்கள், வாசலில் நின்றபடி இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்ற ஒரு கேள்வியையும் தவறாமல் கேட்க வேண்டும். புதிதாகக் கட்டும் தொகுப்பு வீட்டில் எதிரெதிராக இரண்டு ஜன்னலும், அவற்றுக்குக் கொசுவலையும் போட வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் மாதந்தோறும் எத்தனை பேர் மூச்சுக் கோளாறோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள் என்ற கணக்கை ஊர் மக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும். அங்கே காற்றைப் பற்றிய புகார் பல ஆண்டுகளாக இருக்கிறது, கணக்கு இல்லாமல் அதைத் தீர்க்க முடியாது. சிதம்பரத்தில் மருத்துவம் படிக்கும் மாணவர்கள் நெஞ்சுச் சளியோடு வரும் நோயாளியிடம் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டு நிறுத்திவிடாமல், எத்தனை பேர் ஒரே அறையில் தூங்குகிறீர்கள், என்ன வேலை, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் கேட்டு நோயாளிச் சீட்டில் எழுத வேண்டும். நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை இரண்டாம் தவணைக்கு நேரே தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரும் புதன்கிழமையே அழைத்துக்கொண்டு போங்கள்.